உலோகம் எப்படி வளைகிறது என்பதை மைக்ரோஸ்கோப்பில் காட்ட முடியுமா?

கிருஷ்ணகிரி பக்கம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருந்தது இதுதான்: "ஸ்லிப், டிவின்னிங், டிஸ்லொகேஷன் எல்லாவற்றையும் போர்டில் படம் போட்டுத்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். புரிந்த மாதிரி தெரியவில்லை. லேப்பில் ஒரு மெட்டலர்ஜிக்கல் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதை வைத்து இதைக் கண்ணால் காட்ட முடியுமா?"

முடியும் மேடம். ஆனால் லேப்பில் வழக்கமாகச் செய்கிற வரிசையில் செய்தால் முடியாது. பெரும்பாலான இடங்களில் சறுக்குவது இங்கேதான்.

வழக்கம் என்ன? துண்டை அறுத்து, எமரியில் தேய்த்து, வெல்வெட்டில் பாலிஷ் போட்டு, எட்ச் செய்து (ரசாயனத்தால் லேசாக அரித்து), பிறகு பார்க்கிறோம். ஏற்கெனவே வளைந்த துண்டை இப்படிச் செய்தால், வளைந்ததற்கான முக்கியமான அடையாளத்தை நாமே தேய்த்து அழித்துவிடுகிறோம். ஸ்லிப் என்றால் உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது. ஸ்லிப் கோடு என்பது அப்படி நழுவியதால் மேல்பரப்பில் உண்டாகும் குட்டிப் படிக்கட்டு. ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பாலிஷ், அப்புறம் வளைப்பது, அப்புறம் பார்ப்பது. வளைத்த பிறகு தேய்க்கவே கூடாது.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளின் மெட்டலர்ஜி லேப்பில் பல வருடம் இருந்தவன். இப்போது அப்ரெண்டிஸ் பையன்களுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பையன்களோடு செய்து பார்த்தவை.

கிரெயின் என்றால் என்ன என்பதில் ஆரம்பியுங்கள். நம் மாவட்டத்தில் இதற்குப் படம் தேவையில்லை. வகுப்பில் நாலு பேர் வீட்டிலாவது கிரானைட் வேலை தெரிந்தவர் இருப்பார். பாலிஷ் போட்ட ஒரு கிரானைட் துண்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மணி மணியாகத் தெரிவது ஒவ்வொன்றும் ஒரு படிகம். உலோகமும் உள்ளே இப்படித்தான், மணிகள்தான் பொடி. கண்ணுக்கே தெரியும் உலோக மணி வேண்டுமென்றால் பழைய ஜி.ஐ. தகட்டைப் பாருங்கள். அதில் பூப்பூவாகத் தெரிவது துத்தநாகத்தின் கிரெயின்கள்தான். இன்னொன்றும் சொல்லலாம். கிரானைட் பட்டறையில் கல்லை ஏன் சொரசொரப்பான கட்டையில் தொடங்கி நம்பர் ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியும். நம் எமரி பேப்பர் வேலையும் அதே வேலைதான். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் கோடு நிற்கும் என்று அவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள்.

கிரானைட் உடையும், வளையாது. பித்தளை வளையும். இரண்டுமே படிக மணிகளால் ஆனவை என்றால் ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் சொல்லாமல் விட்டுவிட்டு லேப்புக்குக் கூட்டிப் போங்கள்.

துண்டு எது என்பது முக்கியம். என் ஓட்டு பித்தளைத் தகட்டுக்கு. அலுமினியத்தில் ஸ்லிப் கோடு நெளிந்து வரும், இரும்பில் இன்னும் மோசமாக நெளியும். பித்தளையில்தான் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக வரும். லேத்தில் கடைவதற்கென்று விற்கும் ராடு வேண்டாம். அதில் ஈயம் கலந்திருக்கும், இரண்டாவது கட்டமும் (வேறு அமைப்புள்ள படிகமும்) இருக்கும், பையன்கள் குழம்பிப் போவார்கள். பித்தளை கிடைக்கவில்லையா, செம்புப் பட்டை போதும்.

3 மி.மீ. தகட்டில் விரல் நீளம், ஒரு விரல் அகலம் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் அனீலிங், அதாவது சூடாக்கி மென்மையாக்குவது. ஃபர்னஸ் இருந்தால் 600 டிகிரியில் அரை மணி நேரம். இல்லையென்றால் கேஸ் டார்ச்சில் மங்கலான சிவப்பு வரும்வரை. அதற்கு மேல் போக வேண்டாம், துத்தநாகம் புகையாகக் கிளம்பும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போடலாம். இங்கே ஒரு பையனாவது "சார், தண்ணியில போட்டா கெட்டியாயிடுமே" என்பான். அது கார்பன் உள்ள ஸ்டீலுக்கு. பித்தளைக்கும் செம்புக்கும் அந்தப் பேச்சு இல்லை. வெளியே எடுத்தால் கருப்பாக இருக்கும். உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். புளிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன?

அப்புறம் எமரி. 220-இல் தொடங்கி 400, 600, 800, 1200 வரை, தண்ணீர் விட்டு. ஒவ்வொரு பேப்பருக்கும் துண்டை 90 டிகிரி திருப்ப வேண்டும். முந்தைய கோடு முழுக்கப் போனால்தான் அடுத்த பேப்பர். கடைசியில் வெல்வெட் துணியில் அலுமினா பவுடர். முகம் தெரிகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தி, கழுவி, ஸ்பிரிட் விட்டுக் காய வையுங்கள். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் சில நொடி மட்டும் எட்ச். கிரெயின் எல்லை லேசாகத் தெரிந்தால் போதும், ஆழமாக அரித்துவிட்டால் பிறகு ஸ்லிப் கோடு எடுபடாது. கிளவுஸ் கண்டிப்பாகப் போடட்டும், அந்தக் கறை துணியை விட்டுப் போகவே போகாது.

இப்போது 100 மடங்கில் எல்லோரும் பார்க்கட்டும். பார்த்ததை நோட்டில் வரையட்டும். இதைத் தவற விடாதீர்கள். ஏனென்றால் பித்தளையில் வளைக்காமலே சில கிரெயின்களுக்குள் இரட்டைக் கோடு போட்ட பட்டைகள் தெரியும். அவை அனீலிங்கில் வந்த டிவின்கள், அதாவது கிரெயினின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம் மாதிரி திசை மாறி அடுக்கிய பட்டைகள். 'முன்' படம் நோட்டில் இல்லாவிட்டால், வளைத்த பிறகு இவற்றையே காட்டி "இதோ ஸ்லிப்" என்பார்கள்.

வளைப்பதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். "இதை வளைத்தால் உள்ளே என்ன மாறும் என்று நினைக்கிறாய்? வரை." நான் பார்த்தவரை பாதிப் பேர் நீண்டுபோன கிரெயின்களை வரைவார்கள், மீதிப் பேர் விரிசல் வரைவார்கள். கோடு வரைந்தவர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. தப்பாக வரையட்டும். அந்தத் தப்பான படம்தான் அடுத்த பத்து நிமிடத்துக்கு மூலதனம்.

டென்சைல் மெஷின் இருந்தால் 5 சதவீதம் இழுத்து நிறுத்துங்கள், பரப்பு தட்டையாகவே இருக்கும், ஃபோகஸ் செய்ய எளிது. இல்லையென்றால் 60 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயின் மேல் வைத்து, பாலிஷ் போட்ட பக்கம் வெளியே இருக்கும்படி கையால் அழுத்தி வளையுங்கள். 3 மி.மீ. தகட்டின் வெளிப்பக்கம் சுமார் 5 சதவீதம் நீளும். கணக்குப் பிடித்த பிள்ளை இருந்தால் ஏன் 5 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டின் கனத்தை, நடுக்கோட்டு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வந்துவிடும்.

திரும்ப மைக்ரோஸ்கோப். முகம் பார்த்த பரப்பு வெறும் கண்ணுக்கே மங்கிப் போயிருக்கும். லென்ஸுக்குக் கீழே ஒவ்வொரு கிரெயினுக்குள்ளும் கருப்புக் கோடுகள், பக்கத்துப் பக்கத்தில், உழுத நிலத்துச் சால் மாதிரி. ஒரு கிரெயினில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எல்லை தாண்டியதும் வேறு பக்கம் சாயும். பக்கத்து வயல்காரன் வேறு திசையில் ஏர் ஓட்டிய மாதிரி. கிரெயின் என்றால் என்ன, ஒவ்வொன்றும் ஏன் தனித்தனித் திசை என்று நாம் அரை மணி நேரம் பேசியதை அந்த ஒரு பார்வை சொல்லிவிடும்.

அடுத்த கேள்வி தானாக வரும்: இது கீறலா, ஸ்லிப்பா? இதில் நானே மூக்குடைபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிரஸ் பாகத்தைப் பார்த்து, ஸ்லிப் கோடு நிறைய இருக்கிறது, பாகம் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். லேப்பில் இருந்த பெரியவர் ஒருவர் ஐபீஸில் கண் வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கோடு நாலு கிரெயினைத் தாண்டி நேராப் போகுது பாரு. உலோகத்துக்குள்ள அவ்வளவு ஒத்துமை கிடையாது. இது 600 பேப்பர் போட்ட கோடு." அன்றைக்குப் படித்தது இன்றைக்கும் போதும். கீறல் எல்லையைப் பார்க்காது, ஸ்லிப் கோடு எல்லையில் நிற்கும் அல்லது திசை மாறும்.

இன்னொரு சோதனையும் உண்டு, பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் முகமையக் கனசதுர அமைப்பு (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணு). அதில் நழுவக்கூடிய தளக் குடும்பம் நான்கு, ஒவ்வொன்றிலும் மூன்று திசை, ஆக 12 ஸ்லிப் சிஸ்டம். பாடத்தில் மனப்பாடம் செய்யும் அதே 12. பரப்பில் தெரிவது தளத்தின் தடம் என்பதால் ஒரு கிரெயினுக்குள் நான்கு திசைகளுக்கு மேல் கோடு வர வழியில்லை. "ஐந்தாவது திசையைக் கண்டுபிடித்தவனுக்கு டீ" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் லென்ஸை விட்டு நகர மாட்டார்கள். கண்டுபிடித்தால் அது கீறலாகவோ, அந்தக் கிரெயினுக்குள் ஓடும் டிவின் பட்டையின் கோடாகவோ இருக்கும். பெரும்பாலும் ஒரே திசைதான் இருக்கும், சிலவற்றில் இரண்டு குறுக்கும் நெடுக்குமாக. இன்னும் கொஞ்சம் வளைத்தால் இரண்டாவது திசை கூடும்.

இந்தக் கோடுகளை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் யூவிங், ரோசன்ஹைன் என்ற இருவர், கேம்பிரிட்ஜில், 1899 வாக்கில். பார்வைக்கு விரிசல் மாதிரி இருந்த கருப்புக் கோடுகள் விரிசல் அல்ல, படிக்கட்டுகள் என்று காட்டியது அவர்கள்தான். உங்கள் வகுப்பில் விரிசல் வரைந்த பையனுக்கு இதைச் சொல்லுங்கள், அவன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான். படிக்கட்டுதான் என்று நிரூபிக்கவும் வழி உண்டு. பக்கவாட்டில் சாய்வாக ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பான பரப்பு இருண்டு, கோடுகள் மின்னும். வெளிச்சத்தின் பக்கத்தை மாற்றினால் மின்னும் கோடுகளும் மாறும்.

இப்போது அளவு. பாம்பு புழுதியைக் கடந்து போனால் தடம் இருக்கும், பாம்பு இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது தடம். பாம்பு என்பது டிஸ்லொகேஷன், அதாவது படிகத்துக்குள் அணு வரிசை ஒன்று குறைந்து நிற்கும் பிசகு. அது ஓடும்போதுதான் தளம் நழுவுகிறது. ஒரு டிஸ்லொகேஷன் படிகத்தைக் கடந்து வெளியேறினால் மிஞ்சும் படியின் அளவு ஓர் அணு இடைவெளி. அலுமினியத்தில் அது 0.286 நானோமீட்டர். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டும் எல்லையே சுமார் 200 நானோமீட்டர். ஹைடன்ரைக், ஷாக்லி இருவரும் 1948-இல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அலுமினியத்தைப் பார்த்தபோது ஒரு படியின் நழுவல் சுமார் 200 நானோமீட்டர் இருந்தது. வகுத்துப் பாருங்கள், ஒரே தளத்தில் ஏறக்குறைய 700 டிஸ்லொகேஷன் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடித்த கணக்கு. அப்படிப்பட்ட படிகள் பல நெருக்கமாக நிற்பதைத்தான் நம் லென்ஸ் ஒற்றைக் கோடாகக் காட்டுகிறது.

டிஸ்லொகேஷன் என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம், போர்டில் முதல் நாளே சொல்வதை விட இங்கே நன்றாக ஏறும். ஒரு தளம் முழுவதும் ஒரே சமயத்தில் நழுவ வேண்டுமென்றால் எவ்வளவு விசை தேவை என்று 1926-இல் ஃப்ரெங்கெல் கணக்குப் போட்டார். செம்புக்கு அது 7 ஜிகா பாஸ்கலுக்கு மேல் வருகிறது. நிஜத்தில் தூய செம்பின் ஒற்றைப் படிகம் 1 மெகா பாஸ்கல் சுற்றுவட்டாரத்திலேயே நழுவத் தொடங்கிவிடும். பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். களத்தில் கேழ்வரகு காயப் போட்ட பெரிய தார்ப்பாயை ஒரே இழுப்பில் நகர்த்த முடியுமா? ஓரத்தில் ஒரு மடிப்பு எழுப்பி அந்த மடிப்பை அந்தப் பக்கம்வரை தள்ளிக்கொண்டு போனால் பாய் ஒரு சாண் நகர்ந்திருக்கும். 1934-இல் டெய்லர், ஓரோவன், போலான்யி மூவரும் தனித்தனியாகச் சொன்னது இந்த மடிப்பைத்தான். பித்தளை ஏன் வளைகிறது என்று தொடக்கத்தில் விட்டுவந்த கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

மடிப்பைக் கண்ணால் காட்டவும் மலிவான வழி உண்டு. பிராக், நை இருவரும் 1947-இல் சோப்புக் குமிழிகளை வைத்துக் காட்டினார்கள். மீன்தொட்டிக்கு வாங்கும் காற்று பம்ப், நுனி மழுங்கடித்த ஊசி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின், அடியில் கருப்பு பெயின்ட் அடித்த ஒரு தட்டு. ஊசியின் ஆழத்தை மாற்றாமல் வைத்தால் குமிழிகள் ஒரே அளவில் வந்து, தாமாகவே வரிசை கட்டி நிற்கும். இரண்டு ஸ்கேலால் மெதுவாக நசுக்கினால் ஒரு வரிசை குறையும் இடம் சட்டென்று ஓடுவதைப் பார்க்கலாம். கிரெயின் எல்லையும் அதிலேயே தெரியும். குமிழி அளவு கலந்துவிட்டால் எதுவும் தெரியாது, ஒரு நாள் முன்னாடியே வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் 1956-இல் ஹிர்ஷ் குழுவினர் மெல்லிய அலுமினியப் படலத்தில் டிஸ்லொகேஷன் ஓடுவதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நேரடியாகப் பார்த்த கதையைச் சொன்னால் வகுப்பு அதை நம்பும். கருத்து சொல்லி 22 வருடம் கழித்துத்தான் பாம்பையே பார்த்தார்கள்.

அடுத்த வகுப்புக்கு அதே பித்தளைத் துண்டை எடுங்கள். வளைத்ததை மறுபடி 1200-இல் தேய்த்து வெல்வெட் போடச் சொல்லுங்கள். கோடு மொத்தமும் காணாமல் போகும். "அப்படியென்றால் உலோகம் பழையபடி ஆகிவிட்டதா?" பாதி வகுப்பு ஆமாம் என்னும். ஹார்ட்னஸ் டெஸ்டரில் வைத்தால் வளைக்காத துண்டை விடக் கூடக் காட்டும். அனீல் செய்த 70-30 பித்தளை (செம்பு 70, துத்தநாகம் 30 சதவீதம்) விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவில் 60, 70 சுற்றி இருக்கும், நன்றாகக் குளிர்நிலையில் உருட்டியது 150-ஐத் தாண்டும். தடம்தான் போயிற்று, உள்ளே மாட்டிக்கொண்ட டிஸ்லொகேஷன்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. சென்ட்ரிங் வேலையில் கட்டுக்கம்பி முறுக்குவதைப் பார்த்திருப்பார்கள். முதல் முறுக்கு வெண்ணெய் மாதிரி, அப்புறம் விறைக்கும், ஒரு சுற்று கூடிப் போனால் பட்டென்று அறும். இதே விஷயம்தான்.

ஸ்டீலுக்கு ஒரு தனிக் காட்சி உண்டு, அதற்கு மைக்ரோஸ்கோப்பே வேண்டாம். பாலிஷ் போட்ட எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையை டென்சைல் மெஷினில் மெதுவாக இழுங்கள். யீல்டு பாயிண்டில் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடத்தில்) மெஷினின் முள் தடுமாறும்போது பட்டையின் மேல் சாய்வாக மங்கலான பட்டைகள் கிளம்பி நகரும். லூடர்ஸ் பட்டைகள். கார்பன், நைட்ரஜன் அணுக்கள் டிஸ்லொகேஷன்களைப் பிடித்து வைத்திருப்பதும், அந்த டிஸ்லொகேஷன்கள் பிய்த்துக்கொண்டு ஓடுவதும்தான் அந்தத் தடுமாற்றம் என்று 1949-இல் காட்ரெல், பில்பி விளக்கினார்கள். நம் ஓசூர் பிரஸ் ஷாப்களில் தகட்டின் மேல் கோடு கோடாக வருகிறது என்று ரிஜெக்ட் ஆகும் பாகங்களில் ஒரு பங்கு இதுதான். கிரெயின் பெருத்த தகட்டை இழுத்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக வருவது வேறு, ஒவ்வொரு கிரெயினும் தன் இஷ்டத்துக்கு நகர்வதால் வருவது.

டிவின்னிங்கைக் காதால் கேட்க வைக்கலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்களிடம் சுத்தமான வெள்ளீயக் குச்சி கிடைத்தால் காதருகே வைத்து வளையுங்கள், கறகறவென்று முனகும். உள்ளே டிவின் உண்டாகும் சத்தம்தான் அது. அதற்கு மேல் டிவின்னிங்குக்கு இந்த அளவுப் பாடத்தில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கிரெயின் நீள்வதைக் காட்ட ஒரு கம்பி ஆணி போதும். நீளவாக்கில் பாதியாக வரும்வரை தேய்த்து, கோல்டு செட் ரெசினில் பதித்து, 2 சதவீத நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் ஆசிட்) போட்டுப் பாருங்கள். தண்டில் கிரெயின் நூல் மாதிரி ஓடும், தலைக்கு வரும்போது பூ விரிகிற மாதிரி வளையும். நைட்டால் நீங்களே கலக்குங்கள், ஆல்கஹாலில் ஆசிட்டை விட வேண்டும், பாட்டிலை இறுக மூடி வைக்கக் கூடாது, பழசைச் சேர்த்து வைக்கவும் கூடாது. பையன்கள் காசை அறுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், 2011 நாணயச் சட்டப்படி அது குற்றம்.

வகுப்பு சோர்ந்தால் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையைச் சொல்லுங்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. பிள்ளைகள் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்ப் பக்கம். சூடாக்கி அடித்தால் வளையும், ஆறிய பிறகு அடித்தால் விறைக்கும் என்பதை இரும்படித்தவர்கள் கையால் அறிந்திருப்பார்கள்.

மைக்ரோஸ்கோப் ரிப்பேர் என்றால் பயாலஜி லேப்பில் கடன் வாங்கலாம், ஆனால் அதில் வெளிச்சம் கீழிருந்து வரும், உலோகத்துக்கு உதவாது. 10 மடங்கு லென்ஸுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு கவர் கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து ஒட்டி, பக்கத்திலிருந்து எல்.இ.டி. டார்ச் அடித்தால் வெளிச்சம் மேலிருந்து விழும். யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்பும் ஓரளவு ஆகும். பெட்டியில் போட்டிருக்கும் 1000 மடங்கை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு துண்டு பாலிஷ் போட வையுங்கள், ஒன்று வளைக்க, ஒன்று அப்படியே. வளைத்ததை யாரும் விரலால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வை பட்டால் மறுநாளே பித்தளை கறுத்துவிடும், கோடு எது கறை எது என்று தெரியாது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் அடுத்த பேட்ச் வரைக்கும் தாங்கும்.